நன்னூல் வழியே ஆங்கிலம்

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில், ஒருபுறம் சுதந்திர வர்த்தக மண்டலத்துத் தொழிற்சாலைகளும் மறுபுறம் லங்காட் ஆற்றுக்கு அப்பால் கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்களும் அமைந்திருக்க, இடையே வளர்ந்துவரும் தெலுக் பங்லிமா காராங் பட்டணத்தில், ஐந்தாம் படிவத்து மாணவர் எவருடைய ஆங்கிலக் கட்டுரைப் புத்தகத்தையேனும் வாங்கிப் புரட்டிப் பார்த்தால், அதன் கடைசிப் பக்கங்களில் ஒரு நீண்ட சொற்பட்டியல் பெரும்பாலும் தென்படும். அதற்கு மாணவர் உலகம் இட்டிருக்கும் பெயர் 'பொம்பாஸ்டிக் வர்ட்ஸ்'. பிரத்தியேக வகுப்பு ஆசிரியர்கள் கொடுத்தவையும், அண்ணன் அக்காமார் விட்டுச் சென்றவையும், கைப்பேசியிற் கண்டு எழுதிக்கொண்டவையுமாக நூற்றுக்கணக்கான கனத்த சொற்கள் அதில் அணிவகுத்து நிற்கும். எஸ்.பி.எம். பரீட்சையில் இவற்றுள் பத்தைக் கட்டுரையிற் செருகிவிட்டால் 'ஏ' நிச்சயம் என்பது இந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் திடமான நம்பிக்கை.

'பொம்பாஸ்ட்' என்பது 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தம் ஆடையின் தோளும் மார்பும் புடைத்துத் தோன்றும்பொருட்டு உள்ளே திணித்துக்கொண்ட பஞ்சுக்குப் பெயர். பொருள் சிறுத்து ஓசை பெருத்த பேச்சுக்கு அப்பெயர் பின்னர் ஆகிவந்தது. ஒருவருடைய நடையைப் 'பொம்பாஸ்டிக்' என்று ஓர் ஆங்கில விமர்சகர் எழுதினால் அது கடுமையான கண்டனம். நம் பிள்ளைகளோ அதையே பாராட்டுச் சொல்லாகக் கொண்டு, அந்தப் பாராட்டைப் பெறுவதற்காக இராக்கண் விழித்து மனப்பாடம் செய்கின்றனர். இதில் பிள்ளைகளைக் குறைகூற நான் ஒருபோதும் உடன்படேன். ஒரு பாஷையின் நுட்பம் எங்கே இருக்கிறது என்பதை அவர்களுக்குக் காட்டியிருக்க வேண்டியவர்கள், அது சொல்லின் கனத்தில் இருப்பதாகக் காட்டிவிட்டார்கள்.

ஒரு கட்டுரையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தன்னை வளர்த்த தாத்தாவைப் பற்றி ஒரு மாணவி எழுதியது; நல்ல பெண், பாசத்தோடும் கவனத்தோடும் எழுதியிருந்தாள். தாத்தா தோட்டத்தில் பால் வெட்டியது, சைக்கிளில் வைத்துத் தன்னைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றது, கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கிடந்தது எல்லாம் செம்மையாக வந்திருந்தன. அதன்பின், தாத்தாவின் மரணத்தைச் சொல்லும் இடத்தில், மரபுத்தொடர்ப் பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்து, அவர் 'கிக்ட் த பக்கெட்' என்று முடித்திருந்தாள். சிவப்பு மையால் அடித்துவிட்டு வேறு தொடரை எழுதிக் கொடுத்திருந்தால் அவள் அதையும் மனப்பாடம் செய்திருப்பாள். அதற்குப் பதிலாக, "உன் தாத்தா மண்டையைப் போட்டார் என்று உன் பாட்டியிடம் சொல்வாயா?" என்று கேட்கப்பட்டபோது, அந்தப் பெண் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். காலமானார், இறைவனடி சேர்ந்தார், தவறிப்போனார், செத்துப்போனார், மண்டையைப் போட்டார் என்னும் ஐந்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அது அவள் காதிலேயே இருந்தது. ஆங்கிலத்திலும் அதே தூரம் உண்டு என்பதை அறிய அவளுக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். ஆங்கிலத்தின் நுட்பங்களை, ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்தவர்களின் தனிச்சொத்தாக எண்ணி நாம் வெளியே நிற்க வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்த குழந்தையிடம் அந்தச் சொத்தின் திறவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தில் 'செய்யுளும் மொழியணியும்' என்று தனிப்பகுதியும், இலக்கணத்துக்கு மற்றொரு தனிப்பகுதியும் வைத்திருக்கிறார்கள். இணைமொழி, இரட்டைக்கிளவி, உவமைத்தொடர், மரபுத்தொடர், பழமொழி என்று பத்து வயதுக் குழந்தை அடுக்கடுக்காய்ப் படிக்கிறது. அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அடுத்த பாடவேளையில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கும்போது, முன்னதில் கற்றது எதுவும் பின்னதற்குப் பிரயோஜனப்படாது என்பதுபோல எல்லாரும் நடந்துகொள்கிறோம்.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த நன்னூலில் வழக்கை ஆறாகப் பகுத்தார். அவற்றுள் தகுதி வழக்கு மூன்று: அவையில் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கல், அமங்கலமானதை மங்கலமாக்கிச் சொல்லும் மங்கலம், ஒரு தொழிற்கூட்டத்தார் தமக்குள் வைத்துக்கொள்ளும் குழூஉக்குறி. கால் கழுவி வந்தேன் என்பது முதலாவது. துஞ்சினார் என்பது இரண்டாவது. பொன்னைப் பறி என்னும் பொற்கொல்லர் பேச்சு மூன்றாவது. ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் முதலிரண்டையும் 'யூஃபெமிஸம்' என்ற ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. 'ரெஸ்ட் ரூம்' என்பதும் 'பாஸ்ட் அவே' என்பதும் அவர்களுக்கு ஒரே இனம். நமக்கோ ஒன்று கூச்சத்தினால் பிறந்தது, மற்றொன்று துக்கத்தினால் பிறந்தது. இந்தப் பாகுபாட்டை அறிந்த மாணவர், ஓர் ஆங்கிலச் சொல் எதை மறைக்கிறது, ஏன் மறைக்கிறது என்று ஆராயும் சக்தியை இயல்பாகவே பெற்றுவிடுவார்.

ஆகுபெயரோ இன்னும் வளமானது. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று தொடங்கிப் பதினாறு வகை வரை நம்மவர்கள் அதை எண்ணியிருக்கிறார்கள். 'புத்ராஜெயா அறிவித்தது' என்று ஆங்கிலப் பத்திரிகை எழுதினால் அது இடவாகுபெயர். 'தலைக்குப் பத்து ரிங்கிட்' என்று நாம் சொல்லுவதும், தொழிற்சாலைக்கு இத்தனை 'ஹேண்ட்ஸ்' தேவை என்று ஆங்கிலத்தில் விளம்பரம் கொடுப்பதும் சினையாகுபெயர்.

இந்த 'ஹேண்ட்ஸ்' என்ற சொல்லிடம் சற்றே நின்று போக விரும்புகிறேன். தொழிலாளியை ஒரு கையாகக் குறிக்கும் இந்த வழக்கை, சார்லஸ் டிக்கன்ஸ் 1854இல் வெளிவந்த 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் எடுத்துக்காட்டி, அதன் கொடுமையை வாசகர் உணரும்படி செய்தார். சினையாகுபெயர் அறிந்த பிள்ளை, எடுத்துக்கொண்ட உறுப்பு எது, விட்டுவிட்ட உறுப்புகள் எவை என்று உடனே கேட்கும்: கை வேண்டும், வயிறும் வாயும் வேண்டாமா? இந்த வட்டாரம் அந்தக் கேள்வியை வெறும் இலக்கணமாக அல்லாமல் வாழ்க்கையிலேயே கேட்ட வட்டாரம். 1941இல் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைமையில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, பிள்ளைகளுக்குத் தக்க கல்வியும், துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து விடுதலையும் அவர்களுடைய கோரிக்கைகளில் இடம்பெற்றன. கையென்று எண்ணப்பட்டவர்கள் தாம் முழு மனிதர் என்று சொன்ன சந்தர்ப்பம் அது. துப்பாக்கியால் அதற்குப் பதில் சொல்லப்பட்டது, உயிர்கள் போயின.

இனி, வினையெச்சத்தைப் பார்ப்போம். ஆங்கிலம் கற்பிப்போர் பெரிதும் அஞ்சும் பிழைகளுள் ஒன்று, 'டாங்ளிங் பார்ட்டிஸிப்பிள்' என்னும் தொங்கும் எச்சம். 'ஓப்பனிங் த டோர், த டாக் பிட் மீ' என்று மாணவர் எழுதிவிடுகிறார். கதவைத் திறந்தது நாய் என்று பொருளாகிவிடுகிறது. ஒரு பக்கம் விதி, இரண்டு பக்கம் விதிவிலக்கு என்று விளக்கினாலும் மனத்திற் பதிவதில்லை. 'கதவைத் திறந்து, நாய் கடித்தது' என்று தமிழில் எழுதிக் காட்டுங்கள். எழுத்தறியாப் பாட்டியும் தவறு என்று சொல்லிவிடுவாள். 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே முடிக்கும் வினைக்கும் வினைமுதலாகக் கொள்ள வேண்டும் என்று தொல்காப்பியர் வினையியலில் விதித்துவிட்டார். வினைமுதல் வேறாகும்போது 'திறக்க', 'திறந்ததும்' என்று எச்சத்தை மாற்றிக்கொள்கிறோம். 'மழை பெய்து நெல் விளைந்தது' போன்ற காரண காரியத் தொடர்களை நம் இலக்கணம் விலக்காக ஏற்றுக்கொள்வதைப் போலவே, 'கன்ஸிடரிங்', 'ஜட்ஜிங்' முதலான சிலவற்றை ஆங்கிலமும் விலக்காக ஏற்றுக்கொள்கிறது. உலகின் இரு கோடிகளிற் பிறந்த இரு பாஷைகள், வாக்கியத்தின் நேர்மையைக் குறித்து ஒரே தீர்ப்பை வழங்கியிருப்பதை ஒரு மாணவருக்குக் காட்டுவதைவிட உற்சாகமூட்டும் பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆங்கிலத்தின் 'ஏ', 'த' என்னும் சார்படைகள் தமிழனுக்கு எட்டாதவை என்று சொல்லுவார்கள். அவ்வளவு சுலபமாக அந்த அபிப்பிராயத்தை ஒப்புக்கொள்ளக் கூடாது. 'வீடு வாங்கினேன்' என்பதற்கும் 'வீட்டை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். முன்னதில் ஏதோ ஒரு வீடு. பின்னதில் நீங்களும் நானும் முன்பே பேசிக்கொண்டிருந்த வீடு. அஃறிணையில் இரண்டாம் வேற்றுமை உருபு விரிந்தும் தொக்கும் நிற்பதால் நாம் அன்றாடம் செய்கிற வேலையின் பெரும்பகுதியை ஆங்கிலேயர் அந்த இரண்டு சிறு சொற்களால் செய்கிறார்கள். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஆனால் புரிந்துகொள்ளத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

காலங்களும் அப்படியே. மலாய் மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப வடிவம் மாறுவதில்லை; 'சுடா' என்ற சொல்லைச் சேர்த்தால் செயல் முடிந்தது என்று பொருள். அந்தப் பழக்கத்தில் நாமும் 'ஐ ஈட் ஆல்ரெடி' என்கிறோம். தமிழில் 'போன வருஷம் பினாங்குக்குப் போனேன்', 'பினாங்குக்குப் போயிருக்கிறேன்' என்று இரண்டையும் வேறுபடுத்திச் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு 'ஹேவ்' என்ற துணைவினை ஏன் வேண்டியிருக்கிறது என்பதை விளக்கிவிடலாம். 'புட் ஆஃப்', 'புட் அப் வித்' என்று ஆங்கில வினைகள் சிறு இடைச்சொற்களைக் கூட்டிக்கொண்டு பொருள் மாறுவது பலரை மலைக்கச் செய்கிறது. செய்துவிட்டேன், செய்துகொண்டேன், செய்துவைத்தேன், செய்து தொலைத்தேன் என்று ஒரே வினையின் மேல் ஏற்றும் பாவபேதங்களை நாம் எப்படிக் கற்றோம் என்று நினைத்துப் பார்த்தால் மலைப்பு நீங்கும்.

பாலமே இல்லாத இடங்களும் உண்டு. 'ஃபர்னிச்சர்', 'எக்விப்மெண்ட்' போன்ற சொற்கள் ஏன் பன்மை ஏற்பதில்லை என்பதற்கும், ஒரு வினைக்குப் பின் 'ஆன்' வருமா 'இன்' வருமா என்பதற்கும் தமிழ் உதவாது. நிறையப் படிக்க வேண்டும்; வாய்விட்டுப் படிக்க வேண்டும்; வேறு மார்க்கம் இல்லை.

உவமைக்கு வருகிறேன். பனியைக் கண்ணாற் கண்டிராத பிள்ளை 'அஸ் வைட் அஸ் ஸ்னோ' என்று எழுதுவதைக் குற்றமென்று சொல்ல மாட்டேன்; காணாததை உவமை கூறக் கவிகளுக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை தன் வாழ்நாளில் ஓர் உவமையேனும் தானே படைத்ததில்லை என்றால் அது பெரும் நஷ்டம். வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் வழியாக உவமை பிறக்கும் என்று தொல்காப்பியர் உவமவியலில் காட்டினார். தெலுக் பங்லிமா காராங் மாணவரிடம், செம்பனைக் குலையைப் பார்த்து நிறத்தால் ஓர் உவமை, அலை வற்றியபின் கண்டல் வேர்களைப் பார்த்து வடிவத்தால் ஓர் உவமை, கொள்கலன் ஏற்றிய லாரி திரும்புவதைப் பார்த்துச் செயலால் ஓர் உவமை எழுதச் சொல்லுங்கள், ஆங்கிலத்திலேயே எழுதட்டும். அச்சில் அடிக்கடி கண்டு பழகிய உருவகத்தைப் பயன்படுத்தாதே என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையில் ஆங்கிலேயருக்கே உபதேசித்தார். நம் பிள்ளைகளின் சொற்பட்டியல்களோ ஆர்வெல் தூக்கி எறியச் சொன்னவற்றாலேயே நிரம்பியிருக்கின்றன.

இந்த விபரீதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஆங்கிலம் இம்மண்ணில் தமிழரிடம் வந்து சேர்ந்த விதம் நினைவுக்கு வருகிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்தும்படி நிர்வாகத்துக்கு விதித்தது. அங்கே கிடைத்தது தமிழ் எழுத்தும் எண்ணும். ஆங்கிலப் பள்ளிகள் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் இருந்தன. அவற்றுக்குச் சம்பளம் கட்ட வேண்டும். ரயில்வே குவார்ட்டர்ஸ் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில், யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்று வந்த குமாஸ்தாக்களின் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பாஷையை எளிதில் எட்டிப் பிடித்தனர். கேரித் தீவின் லயத்திலிருந்தவனுக்கு ஆங்கிலம் என்பது துரையின் பங்களாவுக்கும் கிராணியின் செக்ரோல் பதிவேட்டுக்கும் உரிய பாஷை. பொருள் தெரியாமலே அஞ்சத்தக்க பாஷை. பொருள் தெரியாத சொல் கனமாகத்தான் தோன்றும். அந்தக் கனத்தையே அதன் மேன்மையாக எண்ணும் பழக்கம், தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணங்களுக்குக் குடிவந்த பின்னும் நம்மை விட்டு நீங்கவில்லை.

அந்த நாட்களில் இங்கே வந்து போன ஒருவரை இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். தோட்டத் தொழிலாளரின் நிலையை ஆராய இந்திய அரசாங்கத்தின் சார்பில் 1936இன் இறுதியில் மலாயாவுக்கு வந்து, 1937இல் அறிக்கை வெளியிட்டவர், ரைட் ஆனரபிள் வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார். அவருடைய அறிக்கை நிர்வாகத்தின்பால் மென்மையாக நடந்துகொண்டது என்று அன்றே கண்டிக்கப்பட்டது. அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டென்பதே என் கருத்தும். ஆயினும், கும்பகோணத்துக்கு அருகில் வலங்கைமானில் 1869இல் ஏழைப் புரோகிதர் வீட்டிற் பிறந்து, ஐம்பது வயது நெருங்கும் வரை இங்கிலாந்தைக் கண்ணாற் காணாதவர், சாம்ராஜ்யத்தின் 'வெள்ளி நாவினர்' என்று ஆங்கிலேயராலேயே போற்றப்பட்டார் என்பது சாமானிய விஷயம் அல்ல. காந்தியடிகளின் சுயசரிதை ஆங்கில மொழிபெயர்ப்பைத் தம் பெயரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு திருத்திக் கொடுத்தவரும் அவரே. எளிய சொல்லும் சரியான இடமும் அவருடைய நடையின் இரகசியம். ஸம்ஸ்கிருதத்தின் இலக்கண ஒழுங்கிலே ஊறிய மனம், ஆங்கிலத்தின் ஒழுங்கையும் அதே கூர்மையோடு கண்டுகொண்டது என்றே நான் நினைக்கிறேன்.

நம் நாட்டிலேயே அதற்குச் சாட்சிகள் இல்லாமற் போகவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறையை நடத்தி, 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டிய தனிநாயகம் அடிகளார், சங்கப் பாட்டின் மென்மையை ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். கெடாவில் பிறந்த கே.எஸ். மணியம், 1981இல் வெளியான 'த ரிட்டர்ன்' நாவலில், ஆங்கிலப் பள்ளிக்குப் போன ஒரு தமிழ்ச் சிறுவனின் உள்ளத்தை ஆங்கிலத்திலேயே வடித்தார். பிரீத்தா சமரசன் தம் முதல் நாவலுக்கு வைத்த பெயர், குறுந்தொகைப் பாட்டொன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. 2008இல் உலக வாசகர்கள் கையில் எடுத்த அந்த மலேசிய ஆங்கில நாவல், முல்லைத் திணையின் மாலைப்பொழுதைத் தலையில் சூடிக்கொண்டு வந்தது.

கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் போதிப்பது என்று 2003இல் தொடங்கிய கொள்கை 2012 முதல் படிப்படியாகக் கைவிடப்பட்டது. பின்னர் இருமொழித் திட்டம் என்று வேறொன்று வந்தது. எந்தப் பாடத்தை எந்தப் பாஷையில் நடத்துவது என்று இருபது வருஷமாக வாதாடினோம். ஆங்கிலத்தை ஆங்கில வகுப்பில் எப்படிக் கற்பிக்கிறோம் என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் இடமே கிடைக்கவில்லை.

'லா' போட்டுப் பேசும் நம் நாட்டு ஆங்கிலத்தை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சாப்பாட்டுக் கடையிலும் நண்பர் கூட்டத்திலும் அதற்கு உரிய இடம் உண்டு. உலக வழக்கும் செய்யுள் வழக்கும் வேறென்று அறிந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் தொழிற்சாலையில் வேலைக்குச் சேரும் இளைஞன் கையில் ஆங்கிலத்தில் ஓர் ஒப்பந்தத்தைக் கொடுக்கிறார்கள். நிர்வாகம் ஆண்டிறுதியில் போனஸ் 'ஷல்' கொடுக்கும் என்று எழுதியிருக்கிறதா, 'மே' கொடுக்கும் என்று எழுதியிருக்கிறதா? முன்னது கடமை, பின்னது தயவு. 'இட் ஹேஸ் பீன் டிஸைடட்' என்று ஒரு கடிதம் வந்தால், முடிவு செய்தவர் யார் என்பதைச் செயப்பாட்டு வினை மறைத்துக்கொண்டிருக்கிறது. எழுவாய் எங்கே என்று கேட்கப் பழகியவன் கையெழுத்துப் போடுமுன் கேட்பான். நூறு கனத்த சொற்களை மனனம் செய்தவனுக்கு அந்த இடத்தில் ஒரு சொல்லும் துணைவராது.

ஆகவே, இந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு பாடவேளை, தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நிற்கும்படி செய்யுங்கள். மொழியணிப் பாடத்தில் அன்று கற்ற ஓர் அணியை, ஒரு வேற்றுமையை, ஓர் எச்சத்தை ஆங்கிலத்தோடு அருகருகே வைத்துக் குழந்தைகளிடம் காட்டுங்கள். தனி நிதி வேண்டாம். புதுப் புத்தகம் வேண்டாம். இரண்டு ஆசிரியர்கள் முன்கூட்டி அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் கட்டுரைப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கடைசிப் பக்கத்தில் அந்தப் பட்டியல் இருந்தால், அதிலுள்ள ஒரு சொல்லை எடுத்து, யாரிடம், எப்போது, எதற்காக இதைச் சொல்வாய் என்று தமிழிலேயே கேளுங்கள்.